தாதி உங்கள் பிள்ளையைப் பார்க்கும் முறையும் உங்களைப் பார்க்கும் முறையும்

(தமிழகத்திலிருந்து திரும்பி வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கான சுகாதாரக் கலந்துரையாடலில் தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நீங்கள் பல வருடங்களுக்குப் பிறகு நாடு திரும்பியிருக்கிறீர்கள். உங்களில் சிலர் சிறுபிள்ளைகளாகப் படகேறிப் போனவர்கள். இன்று உங்கள் பிள்ளைகளோடு விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறீர்கள். சொந்த ஊருக்குப் போகும் முன் கொஞ்ச நாள் கொழும்பில் நிற்கிறீர்கள். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை, அல்லது கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டு முன்னறை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூட அனுமதி என்று ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குகிறீர்கள். இந்த நாட்களில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அப்பாவுக்குத் தலை சுற்றும். அம்மம்மா சாப்பிடமாட்டேன் என்று படுத்துவிடுவார்.

அப்போது வைத்தியசாலைக்குப் போவீர்கள். அங்கே வைத்தியருக்கு முன்னரே உங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு தாதி. தமிழகத்தில் செவிலியர் என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள்; இங்கே தாதி என்போம், கூப்பிடும்போது 'மிஸ்' என்போம். அந்த மிஸ் உங்கள் பிள்ளையை ஒரு விதமாகப் பார்ப்பார், உங்களை வேறு விதமாகப் பார்ப்பார். ஏன் அப்படி என்று தெரிந்தால் உங்களுக்குப் பயம் குறையும். அதைவிட முக்கியமாக, அந்தப் பரிசோதனையில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது விளங்கும். இன்று அதைத்தான் பேச வந்தேன்.

நான் விட்ட ஒரு பிழை

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுவர் விடுதி ஒன்றில் இருந்தேன். ஒரு தாய் தன் இரண்டு வயதுப் பிள்ளையோடு வந்தார். நாலு நாள் காய்ச்சல். நான் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது. பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் வீரிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளை மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. 'நல்ல பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை' என்று நினைத்தேன். அந்தத் தாய் இரண்டு தரம் சொன்னார்: "மிஸ், என்ர பிள்ளை ஒருநாளும் இப்பிடிக் கிடக்கிறேல்லை." நான் "காய்ச்சல் விட்டிட்டுது அம்மா, களைப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அந்த வழியால் வந்த மூத்த தாதி ஒருவர் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். பாதம் குளிர்ந்திருந்தது. நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். இரத்தம் திரும்பி வரச் சுணங்கியது. உடனே வைத்தியரைக் கூப்பிட்டு சேலைன் ஏற்றினார்கள். டெங்கு. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தத் தாய் சொன்ன சொல்லை நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளையைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

வளர்ந்த ஒருவர் "எனக்கு ஏலாது" என்று வாயால் சொல்லுவார். சிறு பிள்ளை சொல்லாது. அதற்காகத்தான் தாதி கண்ணாலும் கையாலும் கேட்கிறார். பிள்ளை வழமையாக எப்படி இருக்கும் என்பதை உங்களிடம் கேட்கிறார். அந்தப் பதிலை உங்களைத் தவிர வேறு எவரும் தரமுடியாது.

பிள்ளையை ஏன் மடியிலேயே வைத்துப் பார்க்கிறோம்

உங்களைப் பரிசோதிக்கும்போது தாதி ஓர் ஒழுங்கில் போவார்: நாடி, பிரஷர், மூச்சு, தலையிலிருந்து கால் வரை. பிள்ளையிடம் அந்த ஒழுங்கு சரிவராது. தொட்டவுடன் பிள்ளை அழும். அழுதால் மூச்சும் வேகமாகும், நாடியும் வேகமாகும். எடுக்கும் கணக்கு எல்லாம் பிழைக்கும். அதனால் முதலில் தொடாமல் பார்ப்போம். பிள்ளை உங்கள் மடியிலேயே இருக்கட்டும். நிறம் எப்படி, விளையாட்டுச் சாமானைப் பார்க்கிறதா, உங்கள் முகத்தைத் தேடுகிறதா, நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்போம். பிறகு மூச்சை எண்ணுவோம், நெஞ்சில் கருவி வைத்துக் கேட்போம். காதையும் தொண்டையையும் கடைசியாகத்தான் பார்ப்போம், ஏனென்றால் அவைதான் பிள்ளைக்குப் பிடிக்காதவை.

ஆகவே தாதி வந்ததும் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பிள்ளையை எழுப்ப வேண்டாம், சட்டையை அவசரமாகக் கழற்ற வேண்டாம். "அழுதால் மிஸ் ஊசி போடுவா" என்று தயவுசெய்து வெருட்டவும் வேண்டாம். அப்படி வெருட்டப்பட்ட பிள்ளை எங்களைக் கண்டதுமே அழத் தொடங்கும். நோவு எங்கே என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

மூச்சும் நாடியும்

பிள்ளையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். சிறு குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. கொஞ்சம் வேகமாகும், கொஞ்சம் நிற்பது போலிருக்கும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குத் தவறும். கைக்குழந்தை வயிற்றால் மூச்சு விடுவதால் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணுவோம்.

ஆறுதலாக இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். பிள்ளைக்கு இயல்பாகவே அதைவிடக் கூட. இருமலோ மூச்சுக் கஷ்டமோ உள்ள பிள்ளைக்கு எது 'வேகமான மூச்சு' என்று உலக சுகாதார நிறுவனம் வயதுப்படி வகுத்திருக்கிறது. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல். 2 மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இதை நீங்களும் வீட்டில் எண்ணலாம். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக் கொண்டிருக்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள்.

நாடியும் அப்படித்தான். வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, மணிக்கட்டில் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு 120 முதல் 160 வரை இருப்பது வழமை. குழந்தையின் மணிக்கட்டில் நாடி பிடிபடாது. மேற்கையின் உட்பக்கத்தில் பிடிப்போம், அல்லது நெஞ்சில் கேட்போம். "பிள்ளையின் நெஞ்சு இவ்வளவு வேகமா அடிக்குதே" என்று பயப்பட வேண்டாம்.

பிரஷர் பார்க்கும் பட்டி பிள்ளையின் கைக்கு ஏற்ற சின்னப் பட்டியாக இருக்க வேண்டும். பெரிய பட்டி குறைத்துக் காட்டும். சிறிய பட்டி கூட்டிக் காட்டும். இன்னொன்று: கடும் சுகவீனம் உள்ள பிள்ளையின் பிரஷர் கடைசி நேரம் வரை சரியாகவே நிற்கும், விழுந்தால் திடீரென்று விழும். அதனால்தான் அந்த மூத்த தாதி பிரஷரை நம்பாமல் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

நிறையும் உயரமும்

ஒவ்வொரு முறையும் பிள்ளையை ஏன் நிறுக்கிறார்கள் என்று சில தாய்மார் கேட்பார்கள். பிள்ளைக்கு மருந்து நிறைக்கு ஏற்பத்தான். ஓர் உதாரணம். 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு பரசிட்டமோல் 150 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. பெரியவர்கள் போடும் குளிசை 500 மில்லிகிராம். அதை உடைத்துப் பாதி கொடுத்தால் 250 ஆகிவிடுகிறது. எனவே உங்கள் குளிசையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். பிள்ளைக்கு உரிய பாணியை, சொல்லப்பட்ட அளவில், அளவுக் கரண்டியால் கொடுங்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைத்து நீளம் அளப்போம்; அதற்கு மேற்பட்ட பிள்ளையை நிற்க வைத்து உயரம் அளப்போம். சிறு குழந்தையின் தலையைச் சுற்றியும் அளப்போம். உச்சிக்குழியைத் தொட்டுப் பார்ப்போம்: உள்ளே குழிந்திருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கலாம், புடைத்திருந்தால் அது ஆபத்தான அறிகுறி. 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளையின் மேற்கையை ஒரு நாடாவால் அளப்பதும் உண்டு. சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது கடுமையான போசாக்குக் குறைவு. அப்படிச் சொன்னால் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்கிறார்கள் என்று எடுக்க வேண்டாம். முகாம் வாழ்க்கையும் பயணமும் இடமாற்றமும் பிள்ளையின் உடம்பில் எழுதிய கணக்கு அது. வேளைக்குக் கண்டுபிடித்தால் திருத்தலாம்.

வளர்ந்த பிள்ளைகள்

நாலைந்து வயதுப் பிள்ளையிடம் நாங்கள் நேராகவே பேசுவோம். முகப் படங்களைக் காட்டி, "உனக்கு எந்த முகம் மாதிரி நோகுது?" என்று கேட்போம். பதிலை நீங்கள் முந்திச் சொல்லாமல் பிள்ளையைச் சொல்ல விடுங்கள். பதின்ம வயதுப் பிள்ளை என்றால் தாதி உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லலாம். உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. அந்த வயதில் தாய் தகப்பன் முன் வாய் திறக்காத விடயங்கள் உண்டு. பிறந்து வளர்ந்த இடத்தையும் சிநேகிதர்களையும் விட்டு வந்த பிள்ளைக்கு மனச்சுமையும் இருக்கும். நித்திரை வராது, சாப்பாடு இறங்காது. அதையும் கேட்பது பரிசோதனையில் ஒரு பகுதிதான்.

இனி உங்களைப் பற்றி

நான் பார்த்த பெற்றோரில் அதிகமானோர் பிள்ளைக்கு ஓடுவார்கள். தங்களுக்கு வந்தால் "ஒண்டுமில்லை மிஸ்" என்பார்கள். வளர்ந்தவரைப் பரிசோதிப்பதில் உள்ள கஷ்டம் அது. பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டீர்கள். தாதி கேள்வியில்தான் தங்கியிருக்கிறார். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா இருக்கச் சொன்னால் இருங்கள். படியேறி ஓடி வந்த கையோடு பார்த்தால் கூடிக் காட்டும். சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ தமிழகத்தில் குளிசை போட்டு வந்தவர்கள், பயணத்தோடு அது நின்றுவிட்டது என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். வெறும் குளிசை மட்டையைக் காட்டினாலே போதும், மருந்தின் பெயர் அதில் இருக்கும்.

வயதானவர்களை இன்னொரு விதமாகப் பார்க்கிறோம். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது திரும்பும் வேகத்தில் நீர்க்குறைவு தெரியும். முதியவரின் தோல் ஏற்கெனவே தளர்ந்தது; அது சரியாகச் சொல்லாது. கடும் தொற்று இருந்தும் முதியவருக்குக் காய்ச்சல் காயாமல் இருக்கலாம். திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். "வயசு போனா அப்பிடித்தான்" என்று விட்டுவிட வேண்டாம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று தடுமாறுகிறார் என்றால், அதை அந்தச் சொற்களாலேயே தாதியிடம் சொல்லுங்கள்.

என்ன சொல்ல வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்

இந்தியாவிலிருந்து அண்மையில் வந்தோம் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதனால் இங்கே காய்ச்சல் என்றதும் மலேரியா நினைவுக்கு வராமல் போகலாம். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று தெரிந்தால் இரத்தம் சோதிப்பார்கள். அது உங்கள் பிள்ளைக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள். அங்கே ஐந்து நோய்க்கான ஊசி 6, 10, 14 கிழமைகளில் போடுவார்கள். இங்கே 2, 4, 6 மாதங்களில். அங்கே 9 மாதத்தில் சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் போடுவார்கள். இங்கே அதே வயதில் கூகைக்கட்டும் சேர்ந்த ஊசி, பிறகு 3 வயதில் மறுபடி. அட்டவணை வேறு என்பதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து போடத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அட்டை தொலைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்காகப் போகாமல் இருந்துவிட வேண்டாம். கொழும்பு மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்கில் பிள்ளைக்குச் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கேளுங்கள். ஊருக்குப் போனதும் அங்குள்ள குடும்பநல மாது அதே புத்தகத்தில் தொடர்ந்து எழுதுவார்.

மொழி ஒரு தடை என்று தெரியும். தமிழில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவசரத்துக்கு நாலு சிங்களச் சொற்களைப் பாடமாக்கி வையுங்கள்: காய்ச்சல் 'உண', இருமல் 'கெஸ்ஸ', சத்தி 'வமனே', வயிற்றோட்டம் 'பட யனவா'. எத்தனை நாளாக என்பதை விரலால் காட்டலாம்.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் கந்தோர் வேலையை நாளைக்கு விடுங்கள்:

- பிள்ளை பால் குடிக்கவோ தண்ணீர் குடிக்கவோ முடியாமல் இருத்தல்
- குடித்த எல்லாவற்றையும் சத்தி எடுத்தல்
- வலிப்பு
- எழுப்ப முடியாத சோர்வு, வழமைக்கு மாறான அமைதி
- வேகமான மூச்சு, நெஞ்சுக்குக் கீழே குழி விழுதல்
- கை கால் குளிர்தல், பல மணி நேரம் சலம் போகாமை
- 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும்

கொழும்பில் டெங்கை மறக்கக்கூடாது. 2017 ஆம் ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். கொழும்பு மாவட்டத்தில்தான் அதிகம். டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் காயும் நேரமல்ல, காய்ச்சல் விடும் நேரம். காய்ச்சல் விட்டும் பிள்ளை தெளியவில்லை என்றால் உடனே கொண்டுபோங்கள். காய்ச்சலுக்கு பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுப்ரோபன் கொடுக்க வேண்டாம்.

சிறுவர்களுக்கென்றே பொரளையில் லேடி றிட்ஜ்வே வைத்தியசாலை இருக்கிறது. 1895 இல் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் பிள்ளையை அங்கே கொண்டுபோகலாம். பெரியவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கிட்ட உள்ளது களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை. அங்கே சிறுவர் விடுதியும் உண்டு. மூன்றும் அரச வைத்தியசாலைகள், சிகிச்சை இலவசம். வாகனம் இல்லை என்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காமல் வரும்.

கடைசியாக ஒன்று. வைத்தியசாலையில் எல்லோரும் அவசரத்தில் இருப்போம். அன்று நான் இருந்தது போல, உங்கள் சொல்லைக் காதில் போடாமல் யாராவது கடந்து போகலாம். கோபப்படாதீர்கள், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். மூன்றாம் தரமும் சொல்லுங்கள்: "மிஸ், என்ர பிள்ளை வழமையா இப்பிடி இல்லை. ஒருக்கால் தொட்டுப் பாருங்கோ." இத்தனை வருடம் இத்தனை இடம் மாறியும் அந்தப் பிள்ளையைக் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை.

எல்லோரும் சுகமாக ஊர் போய்ச் சேருங்கள்.